வீட்டை விட்டுப் போன திகதி

ஒஸ்லோவுக்குக் கிழக்கே, லில்லெஸ்ட்ரோம் போகும் பாதையில் இருந்த ஒரு சலவைக்கூடத்தில் சிறிதேவியும் லானும் பதினொரு வருடமாகப் படுக்கைவிரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து லொறி லொறியாக வரும் விரிப்புகள் தோய்ந்து, காய்ந்து, பெரிய உருளைகளுக்குள்ளால் சூடாக வெளியே வரும். ஒரு பக்கத்து மூலைகளைச் சிறிதேவி பிடிப்பாள், மற்றப் பக்கத்தை லான் பிடிப்பாள். இரண்டு அடி முன்னே வந்து ஒரு மடிப்பு, இன்னும் இரண்டு அடி வந்து இன்னொரு மடிப்பு. ஒரு நாளில் நானூறு தடவையாவது இருவரும் முகத்துக்கு முகம் வந்து நிற்பார்கள்.

லான் வியட்நாம்காரி, ஐம்பது வயது, புருஷனை இழந்தவள். மகன் பேர்கனில் வேலை செய்தான். சிறிதேவிக்கு நாற்பத்தைந்து. அவள் பெயரை முழுக்கச் சொல்ல லானுக்கு நாக்கு வளையவில்லை. முதல் நாளே அதைச் 'சிரி' என்று வெட்டிவிட்டாள். அது அசல் நோர்வேப் பெண்பெயர் என்பதால் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. சிறிதேவிக்குத்தான், யாரோ நாள் முழுக்கத் தன்னைச் 'சிரி, சிரி' என்று அதட்டுவதுபோல இருக்கும். சில நாட்களில் அதற்காகவே சிரிப்பு வந்துவிடும்.

இருவரும் பேசிக்கொண்டது நோர்வேஜிய மொழிதான். லான் சொற்களின் வாலை விழுங்கிவிடுவாள். சிறிதேவி இல்லாத வாலை ஒட்டிவிடுவாள். மேற்பார்வைக்காரி எமிலி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டால்தான் அவர்கள் சொல்வது விளங்கும். ஆனால் லான் சொன்ன எதையும் சிறிதேவி திரும்பக் கேட்டது கிடையாது. அவள் காதுக்கு அது ஊர்ப் பேச்சு மாதிரியே விழும்.

லான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சைகோனில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போவாள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு கோடை விடுமுறைக்கு முன்னால், விரிப்பின் மறுமுனையிலிருந்து திடீரென்று சொன்னாள்:

"இந்த முறை நீயும் வா சிரி. உங்கடை ஊருக்குத்தானே போகேலாது."

உண்மைதான். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்தது. சிறிதேவி வீட்டுக்குப் போய் விளையாட்டுப்போலச் சொன்னாள். புருஷன் பத்மநாதன், தபால் பிரிக்கும் இடத்தில் இரவு வேலை செய்பவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போட்டு வாருமன், நான் என்ன சமைக்கத் தெரியாதவனோ" என்றார். மகள் யாழுக்குப் பதினெட்டு வயது. அவள் அன்றைக்கே கொம்பியூட்டரில் தேடி, தன் பகுதிநேர வேலைக் காசில் அம்மாவுக்கும் லானுக்கும் ஒரு நாள் சுற்றுலா ஒன்றைப் பதிந்துவிட்டாள். காலையில் கூச்சி சுரங்கங்கள், பின்னேரம் மீகொங் ஆறு, வழிகாட்டியோடு, சாப்பாட்டோடு.

"கூச்சி எண்டால் அமெரிக்கன்களோடை சண்டை பிடிச்ச ஆக்கள் வெட்டின சுரங்கமாம் அம்மா. நிலத்துக்குக் கீழை ஒரு ஊரே இருந்ததாம்."

லானிடம் அந்தத் தாளைக் காட்டியபோது அவள் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு யாழின் கன்னத்தைத் தட்டி, "நல்ல பிள்ளை" என்றாள். சிறிதேவி அதைச் சந்தோசமென்றே எடுத்துக்கொண்டாள்.

சைகோனில் லானின் தம்பி வீட்டில் ஐந்து நாள் இருந்த பிறகு அந்தச் சுற்றுலா நாள் வந்தது. காலை ஏழு மணிக்குச் சின்ன வேன் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. உள்ளே ஒன்பது பேர், பெரும்பாலும் அவுஸ்திரேலியர்கள். வழிகாட்டியின் பெயர் ஹுங், ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர், ஆங்கிலத்தை ராகத்தோடு பேசினார். சிறிதேவியும் லானும் கதைப்பதைக் கேட்டுவிட்டு, "அம்மா, இது என்ன பாஷை?" என்றார். நோர்வேஜியம் என்றதும் வேனில் இருந்த ஒருவரும் நம்பவில்லை. ஒரு அவுஸ்திரேலியக் கிழவர், தான் ஒஸ்லோவுக்குப் போயிருப்பதாகவும், அங்கே யாரும் இப்படிப் பேசவில்லை என்றும் சொன்னார். லான் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் காலையில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

கூச்சியில் முதலில் ஒரு கொட்டிலுக்குள் இருத்தி, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு காட்டுக்குள் நடை. காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு இடத்தை ஹுங் காலால் துடைத்தார். மரப்பலகை மூடி ஒன்று தெரிந்தது. அதைத் தூக்கி உள்ளே இறங்கி, கைகளை மேலே நீட்டி மூடியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். இருந்த மனிதர் இல்லாமல் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். சிறிதேவி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

அவளுக்கு எல்லாமே பிடித்தது. சமையல் புகை மேலே தெரியாமல் தூரத்தில் போய்க் கசியும்படி வெட்டிய குழாய், ரயர் துண்டில் செய்த செருப்பு, எல்லாம். ஓலைக்கூரைக்குக் கீழே எல்லோருக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தபோது அவள் நாலு துண்டு எடுத்தாள். "எங்கடை கிழங்கு, லான். இது எங்கடை கிழங்குதான்." லான் தன் பங்கைத் தொடவில்லை.

கொஞ்சம் தள்ளி, கறுப்பு உடுப்பும் கட்டம் போட்ட துண்டும் அணிந்த போராளிகளின் பொம்மைகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. ஒரு பெண் பொம்மை கையில் துவக்கோடு கயிற்றுப் படுக்கையில் சாய்ந்திருந்தது. சிறிதேவி போய் அதன் பக்கத்தில் நின்று, தோளில் கைபோட்டு, கமராவை லானிடம் நீட்டினாள்.

"யாழுக்குக் காட்ட ஒண்டு எடு."

லான் கமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு இறக்கி, "பற்றரி முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையிடிக்கிறது, வேனில் இருக்கிறேன் என்று நடந்துவிட்டாள். சிறிதேவி கமராவைப் பார்த்தாள். பற்றரியின் அடையாளம் நிறைந்துதான் இருந்தது.

என்ன பிழை செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலே போகலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கையில் ஹுங் எல்லோரையும் சுரங்க வாசலுக்குக் கூப்பிட்டார். சுற்றுலாக்காரர்களுக்காக அகலமாக்கிய இருபது மீற்றர் சுரங்கம். முன்னால் போன அவுஸ்திரேலியக் கிழவரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு சிறிதேவி முழங்காலில் ஊர்ந்தாள். பாதி வழியில், காட்டின் மறுபக்கத்தில் காசு கட்டித் துவக்குச் சுடும் இடத்திலிருந்து வெடிச்சத்தம் மண்ணுக்குள்ளால் வந்தது. அவள் கை தானாகப் போய்ச் சுவரைப் பிடித்தது. அந்த மண்ணின் குளிர்ச்சி அவளுக்குத் தெரிந்த குளிர்ச்சி. யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் வீட்டின் பின்பக்கம், குண்டுக்கு ஒதுங்க அண்ணை வெட்டிய பங்கரின் குளிர்ச்சி அது. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, படி மூன்று வைத்து வெட்டியிருந்தார். "மழைத்தண்ணி உள்ளை வராமல் படியைச் சாய்ச்சு வெட்டினனான், பார்" என்று பெருமையாகக் காட்டினார். அதற்குள் ஒதுங்கி உட்கார வேண்டிய நாள் வந்தபோது அண்ணை இருக்கவில்லை.

வெளியே வந்ததும் ஹுங் ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "உங்கள் சிநேகிதி எந்த வருடம் இங்கிருந்து போனார்?" என்று தணிந்த குரலில் கேட்டார். எழுபத்தொன்பது என்று சிறிதேவி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இரண்டரை மணித்தியாலம். லான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நித்திரை இல்லை என்று சிறிதேவிக்குத் தெரியும். லான் நித்திரை கொண்டால் வாய் திறந்திருக்கும். பதினொரு வருடத்தில் இருவருக்கும் இடையில் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது என்று அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சண்டை முடிந்தது எழுபத்தைந்தில் என்று காலையில் அந்தப் படத்தில் சொன்னார்கள். இத்தனை நாளும் லான் சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவள் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

மீகொங் ஆற்றைக் கண்டதும் எல்லோரும் வேனிலிருந்து இறங்கிக் கரையோரம் போனார்கள். தேநீர் நிறத்துத் தண்ணீர், மற்றக் கரை ஒரு கோடு மட்டும். மணல் ஏற்றிய பெரிய வள்ளங்கள் விளிம்புவரை தாழ்ந்து போயின. அவற்றின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருந்தது. ஒரு வள்ளத்தின் பின்பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தலை முழுக வார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் கோழிக்கூடும் துளசிபோன்ற ஒரு செடியும். யந்திரப் படகில் ஏறி ஒரு தீவுக்குப் போனார்கள். அங்கே மதியச் சாப்பாடு. பொரித்த மீனொன்றை மரச்சட்டத்தில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தார்கள், செதில்கூடக் கழற்றாமல். ஹுங் அதன் நல்ல சதையைக் கிள்ளி, கீரையோடு அரிசித்தாளில் சுற்றி, வேறு எவருக்கும் முன்னால் லானின் தட்டில் வைத்து, அவர்கள் மொழியில் இரண்டு சொல் சொன்னார். லான் தலைகுனிந்து அதைச் சாப்பிட்டாள். பிறகு ஒன்றைத் தானே சுற்றி, சிறிதேவியின் தட்டில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் சிறிதேவிக்கு உறைப்பு வேண்டும் என்று மிளகாய்த்துண்டு இரண்டு கூட வைத்திருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓடத்தில் போகவேண்டும். இரண்டு பக்கமும் தென்னைபோன்ற நீர்மரங்களின் ஓலை கவிந்து கிடக்கும் ஒடுக்கமான வாய்க்கால். ஓடத்துக்கு இரண்டு பேராக ஏற்றினார்கள். முன்னால் லான், அவள் பின்னால் சிறிதேவி, கடைசியில் துடுப்புப் போடும் ஒரு பெண். இருநூறு மீற்றர் போயிருப்பார்கள், வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. துடுப்புக்காரி ஓடத்தை ஓலைகளுக்குக் கீழே தள்ளி, ஒரு வேரில் கயிற்றைச் சுற்றிவிட்டு, பாதியாக வெட்டிய பிளாஸ்ரிக் கலன் ஒன்றால் தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்னாலும் பின்னாலும் வேறு ஓடம் தெரியவில்லை.

லான் திரும்பாமலே பேசினாள்.

"என்ரை அப்பா தெற்கத்தை ஆமியிலை வரைபடம் கீறினவர். துவக்குப் பிடிச்ச ஆளில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மேசையிலை இருந்து கீறினவர். சண்டை முடிஞ்சவுடனை வெண்ட ஆக்கள் வந்து, பத்து நாள் படிப்பிக்கிறம் வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போச்சினம். ஏழு வருசம் வைச்சிருந்தவை. வீட்டை வந்து நாலு மாசத்திலை செத்துப்போனார். நான் அப்ப ஒஸ்லோவிலை."

மழை ஓலையில் விழும் சத்தத்தில் சிறிதேவி முன்னால் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

"அவரைக் கொண்டுபோன ஆக்களின்ரை பொம்மையோடை நீ தோளிலை கைபோட்டு நிண்டனி, சிரி."

"எனக்குத் தெரியாது, லான். நீ ஒருக்காலும் சொல்லேல்லை."

"நீயும் கேக்கேல்லைத்தானே."

"நான் நீ சண்டைக்குப் பயந்து வந்தனி எண்டு நினைச்சனான்."

"சண்டை நடக்கேக்கை நான் ஒரு இடமும் போகேல்லை. அது முடிஞ்ச பிறகுதான் ஓடினனான். இப்பிடி ஒரு வாய்க்காலிலைதான் மூண்டு நாள் ஒளிச்சிருந்தனாங்கள். பிறகு கடல். பிறகு உங்கடை நோர்வேக் கப்பல்."

"எங்கடை நோர்வேயோ" என்றாள் சிறிதேவி. லானின் முதுகு இலேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து தோளைத் தொட்டாள். லான் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. சிறிதேவி கையை எடுக்கவில்லை.

சிறிதேவி தன் வாயால் ஒருநாளும் சொல்லாத ஒன்றை அந்த ஓடத்தில் சொன்னாள். ஏன் அங்கே வைத்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. தமிழ் தெரிந்த ஒருவரும் சுற்றிலும் இல்லை என்பதாலும் இருக்கலாம்.

"எனக்கு ஒரு அண்ணை இருந்தவர். இரத்தினவேல் எண்டு பேர். ஒரு இயக்கத்துக்கு நோட்டீஸ் அச்சடிச்சுக் குடுத்தவர். அந்த இயக்கத்தை எங்கடை மற்ற இயக்கம் ஒண்டு தடைசெய்தது. அண்ணையை விசாரிக்க எண்டு வரச்சொன்னவை. சைக்கிளிலை போனவர், வரேல்லை."

"ஆமியோ?"

"இல்லை. எங்கடை ஆக்கள்தான். இவருக்கு, என்ரை மனுசனுக்கு, நான் ஆமி பிடிச்சது எண்டுதான் சொல்லியிருக்கிறன். கலியாணம் பேசி வரேக்கை அம்மா அப்பிடித்தான் சொன்னவ. பிறகு மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஒஸ்லோவிலை ஆரோடை இதைக் கதைக்கிறது? அண்ணையைக் கூப்பிட்ட இயக்கத்திலை செத்த ஆக்களின்ரை நினைவுநாளுக்கு மண்டபத்திலை எத்தினை பேரின்ரை படத்துக்கு விளக்கு வைச்சிருப்பன். அண்ணையின்ரை படத்தை எங்கையும் வைக்கேலாது."

லான் இப்போது முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தாள். ஓடம் ஆடியது, துடுப்புக்காரி ஏதோ கண்டித்தாள். லான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு.

"அவருக்கு எந்தத் திகதியிலை சாப்பாடு வைக்கிறனி?"

"செத்த திகதி தெரியாதே. வைக்கிறேல்லை. உயிரோடை வந்தாலும் எண்டு அம்மா கடைசிமட்டும் விடேல்லை. அவவும் போட்டா."

"திகதி தெரியாட்டி, வீட்டை விட்டுப் போன திகதி" என்றாள் லான், மிகச் சாதாரணமாக. "எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் செய்வினம். கடலிலை போனவைக்கு, காணாமல் போனவைக்கு, எல்லாருக்கும். என்ரை சின்னத் தங்கச்சிக்கு நான் அப்பிடித்தான் வைக்கிறனான். போன திகதி தெரியுமோ?"

"ஒக்டோபர் ஒன்பது."

"அப்ப அதுதான்."

மழை விட்டது. துடுப்புக்காரி கயிற்றை அவிழ்த்தாள். கரையில் ஹுங் குடையும் துவாயுமாக நின்று இருவரையும் கைபிடித்து ஏற்றினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற இரண்டு பேரையும் அவுஸ்திரேலியக் கிழவர் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். சைகோன் திரும்பும் வழியெல்லாம் லான் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டாள்.

அந்த வருடம் ஒக்டோபர் ஒன்பது செவ்வாய்க்கிழமையாக வந்தது. இருவரும் வேலைக்கு லீவு சொல்லியிருந்தார்கள். யாழ் படிப்புக்காகத் திரொண்ட்ஹைம் போயிருந்தாள். பத்மநாதனுக்கு அன்று காலையில் வேறு ஒருவருக்குப் பதிலாக வேலை இருந்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் சிறிதேவி துணிந்திருந்தாள். தன் வீடு இருந்த ரொம்மனிலிருந்து லான் ஒரு பெரிய பையோடு வந்தாள். அவித்த முழுக்கோழி, பசைச்சோறு, பழம், ஒரு கட்டு ஊதுபத்தி. சிறிதேவி நெத்தலி பொரித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, வடை சுட்டிருந்தாள். அண்ணையின் படம் ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்தது, முத்திரை அளவுதான், இருபத்தொரு வருடமாக அவளுடைய நகைப்பெட்டியின் துணிக்குக் கீழே இருந்தது. லான் அதை ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து, வரவேற்பறை அலுமாரியின் மேல் வைத்தாள். ஊதுபத்திகளைக் கொளுத்தினாள்.

அவள் கொண்டுவந்தது கோயிலுக்குக் கொளுத்தும் வகை. ஐந்து நிமிடத்தில் கூரையிலிருந்த புகை அலாரம் வீடு அதிரக் கத்தத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்மநாதன் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். சத்தம் தன் வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டதும் சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்தார். புகைக்கு நடுவே இரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, கையிலிருந்த பேப்பரால் அலாரத்துக்கு விசிறினார். அது அடங்க நல்ல நேரம் பிடித்தது. கதிரையில் நின்றபடியே அலுமாரியைப் பார்த்தார்.

"இஞ்சாரும், உது ஆரின்ரை படம்?"

"அண்ணையின்ரை" என்றாள் சிறிதேவி. லானைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், அச்சுக்கூடம், வரச்சொன்ன ஆட்கள், சைக்கிள், அம்மா சொன்ன பொய், தான் திருத்தாமல் விட்ட பொய்.

பத்மநாதன் மெதுவாகக் கதிரையிலிருந்து இறங்கினார். அதே கதிரையில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றதில் கைவைத்தபடி கேட்டார்:

"எனக்குச் சொன்னால் நான் என்ன செய்திடுவன் எண்டு நினைச்சனீர்?"

"தெரியேல்லை. நீங்கள் கோவிப்பியள் எண்டு பயம். நம்பமாட்டியள் எண்டும் பயம்."

அவர் மனதில் என்ன ஓடியது என்று சிறிதேவிக்கு முழுதாகத் தெரியாது. நினைவுநாளுக்கு அந்த மண்டபத்தில் கதிரை அடுக்குவதும் பந்தல் கட்டுவதும் அவர்தான். சப்பாத்துகளை வாசலில் கொண்டுபோய் வைத்தார். முகம் கைகால் கழுவி, வேறு சேட் போட்டுக்கொண்டு வந்தார். படத்துக்குக் கிட்டப் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எத்தினை வயது அப்ப?"

"இருபத்தாறு."

"உம்மடை மூக்கு" என்றார். பிறகு லானிடம் நோர்வேஜிய மொழியில், சாப்பிடலாமா என்று கேட்டார். ஊதுபத்தி முழுக்க எரிந்து முடியவேண்டும், அதுவரை விருந்தாளிதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், என்றாள் லான். அவர் சரி என்று உட்கார்ந்தார். காத்திருந்த அந்த நேரத்தில் அண்ணையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே படித்தவர், பாட்டுப் பாடுவாரா, நீச்சல் தெரியுமா. சிறிதேவி சொல்லச் சொல்ல, தனக்கே மறந்துபோயிருந்தவை வந்தன. அண்ணை அச்சுமை படிந்த விரலால் தன் பள்ளிக்கூடக் கொப்பியில் பூ வரைந்து கொடுத்ததைச் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்மநாதன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தமிழ் விளங்காத லான், பேச்சுக்கு இடையூறு செய்யாமல் கோழியைப் பிய்த்துத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு லான் புறப்பட்டாள். இவர்கள் இருந்த ஸ்டோவ்னரிலிருந்து ரொம்மனுக்கு ரயிலில் ஒரு தரிப்புத்தான், இத்தனை வருடமும் தனியாகப் போய்வந்த வழி. பத்மநாதன் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவளுடைய பையைக் கையில் வாங்கி, ரயில்வரை கூடப் போனார். திரும்பி வந்து, கோட்டைக் கொழுவிக்கொண்டே சொன்னார்:

"வாற வருசம் யாழையும் அண்டைக்கு இஞ்சை நிக்கச் சொல்லும். படத்தைப் பெரிசாக்க வேணும். நாளைக்கு நான் கடையிலை குடுக்கிறன்."